தாங்கு கம்பி

நைனா இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. நகரியைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் அவருடைய கார் நின்றிருந்தது. அவர் மகள் தாட்சாயணி அதன் முன்னால் நின்று, பானட்டை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“கொஞ்சம் ஓர்ச்சுக்கோ பாப்பா, பொறுத்துக்கோ,” என்றார் மெக்கானிக் ரங்கையா. ரேடியேட்டர் மூடியில் ஈரச் சாக்கைப் போட்டு ஒரு திருகு திருகிவிட்டு முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆவி சீறி அடங்கியது.

“நான் புடிச்சிக்கினுதான் கீறேன் மாமா. நீங்க ஊத்துங்க.”

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் மறுபடி கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும். அதன் உதறல் பானட் வழியாக அவள் உள்ளங்கைகளுக்கு வந்து, முழங்கைவரை மரத்துப்போயிருந்தது.

அது அந்தக் காரோடு வந்த பானட் இல்லை. உலகச் சண்டைக்கு முன்னால் இறங்கிய அமெரிக்க வண்டி அது. அதன் சொந்த பெட்ரோல் இஞ்சின் நான்கு வருடம் முன்பு திருமலைப் பாதையில் பாதி வழியில் செத்துப்போனது. நைனா மெட்ராஸுக்குப் போய், மிலிட்டரிக்காரர்கள் ஏலம்விட்ட டீசல் இஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரங்கையாவும் அவரும் புத்தூர் கொட்டகையில் ஒரு மாதம் மல்லுக்கட்டி அதை உள்ளே உட்கார வைத்தார்கள். இஞ்சின் உட்கார்ந்தது, பானட் மூடவில்லை. ஒரு சாண் உயரம் இடித்தது. கடைசியில் திருப்பதியில் ஒரு பட்டறையில், தண்ணீர்த் தொட்டி செய்கிற கனத்த தகட்டில் புது பானட் அடித்து வாங்கினார்கள். நடுவில் திமில்போலப் புடைத்திருக்கும். பழைய பானட்டைத் தூக்கி நிறுத்த வண்டியோடு வந்த சுருள்வில்கள் இதைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டன.

அதனால் சவுக்குக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுப்பார் நைனா. போன மாசியில் அலிபிரியில், மலையேறும் முன் தண்ணீர் பார்க்கையில் காற்றடித்துக் கட்டை நழுவியது. பானட் அவர் தோள்மேல் விழுந்தது. உள்ளே வாடகைக்கு வந்த சேலத்துக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணும் இல்லீங்க, கோவிந்தா சொல்லுங்க” என்று அவர்களை மேலே ஏற்றி, தரிசனம் ஆகும்வரை காத்திருந்து இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையைத் தூக்க முடியவில்லை என்றார்.

அன்றிலிருந்து மாலை வேளைகளில் அப்பாவும் மகளும் இரும்பில் ஒரு தாங்கு கம்பி செய்யப் பார்த்தார்கள். பானட்டின் மூக்கில் வில் தராசை மாட்டி இழுத்து, நாற்பது ராத்தல் என்று சொன்னது தாட்சாயணி. கம்பியை மூக்குப் பக்கமே கொடுக்க வேண்டும், கீலுக்குப் பக்கத்தில் கொடுத்தால் கம்பிமேல் கனம் கூடும் என்றும் சொன்னாள். வேலை செய்யும்போது கம்பி குறுக்கே நிற்கும் என்று நைனா கீலுக்குப் பக்கத்தில்தான் வைத்தார். மறுநாள் கம்பி வில்லாக வளைந்திருந்தது.

“எஸ்ஸெல்சி படிச்ச புள்ள சொன்னா கேட்டுக்கணும்பா,” என்று அவர் ரங்கையாவிடம் சொல்லிச் சிரித்தார்.

நேற்று மாலை எல்லாம் முடிந்தது. கம்பியின் அடிமுனை ரேடியேட்டர் பக்கத்தில். மேல்முனை, பானட்டின் மூக்குக்கு உள்ளே பற்றவைத்த இரண்டு காதுகளுக்கு நடுவில். குறுக்கே ஒரு பின். இஞ்சின் உதறலில் பின் கழன்றுவிடாமல் இருக்க, அதன் நுனித் துளையில் ஒரு சின்ன ஸ்பிளிட் பின் மாட்ட வேண்டும். அது மட்டும் பாக்கி. காலையில் ரங்கையா கொண்டுவருவதாக இருந்தது.

காலையில் ரங்கையா வந்தார். ஓடி வந்தார்.

“வேற சொக்காய் ஜோபில போட்டு வெச்சிருந்தேன் பாப்பா,” என்றார் இப்போது, தகரத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. “மாத்திக்கினு ஓடியாந்துட்டேன்.”

“பரவால்ல மாமா.”

சற்று முன் ஒரு புளியங்குச்சியைச் செருகிப் பார்த்திருந்தாள். குச்சி நொறுங்கி, பின் மெல்லமெல்ல நகர்ந்து வெளியே விழுந்தது. அவள் தலையால் பானட்டைத் தாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கைதான்.

ரங்கையா மூடியைத் திருகினார். இருவரும் சேர்ந்து பானட்டை இறக்கினார்கள்.

வண்டி நகர்ந்தது. ரங்கையா நல்ல மெக்கானிக், ஓட்டுவதில் பயந்தவர். சீட்டின் நுனியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைக் கன்றுக்குட்டியின் கழுத்தைப்போல் கட்டிப் பிடித்திருந்தார். அது நைனாவின் இடம். இத்தனை வருடத்தில் வேறு யாரும் அங்கே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

காலையில் கூடத்தில் நைனாவைக் கிடத்தியிருந்தபோது, அம்மாவின் தம்பி நாகேந்திரன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “மல்லிகாவுக்குச் சொல்ல வேணாம். ஏழு மாசம். புள்ளத்தாச்சி பொணத்த பாக்கக் கூடாது. அவங்க வீட்ல அனுப்பவும் மாட்டாங்க. கருமாதி முடிஞ்சி நானே போய்ச் சொல்லிட்டு வரேன். நாலு மணிக்கு எடுத்துரலாம்.”

வழக்கம் அதுதான். மல்லிகாதான் மூத்தவள், திருத்தணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், நைனாவின் செல்லம். தாட்சாயணி அம்மாவைப் பார்த்தாள். பொன்னியம்மாள் புருஷனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய அரைஞாண் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சாவி எப்போதும் அதில்தான் இருக்கும். தூங்கும்போதும் குளிக்கும்போதும் கழற்றமாட்டார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியைத் தாட்சாயணியின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

தாட்சாயணி வெளியே வந்து கார் கதவைத் திறந்தபோது, ரங்கையா கேட்காமலே வந்து ஏறிக்கொண்டார்.

*

எல்லையில் மூங்கில் தடுப்புப் போட்டிருந்தார்கள். சித்திரைக்கு முன்னால்வரை எல்லாம் ஒரே சித்தூர் ஜில்லா. இப்போது திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. அக்கா வீட்டுக்குப் போக வாடகை வண்டிக்கு அந்தப் பக்கத்துப் பர்மிட் வேண்டும். நைனா எழுதிப் போட்டிருந்தார்; இன்னும் வரவில்லை.

“பர்மிட் சூபிஞ்சு,” என்று கையை நீட்டினான் போலீஸ்காரன். பிறகு பானட்டின் திமிலைப் பார்த்தான். “இதி ஆதிநாராயணகாரி பண்டி கதா? ஆயன ஏரி?” நைனாவின் வண்டிதானே, அவர் எங்கே என்று விசாரித்தான்.

ரங்கையா இறங்கி, அவன் தோளைத் தொட்டுத் தள்ளிக் கூட்டிப்போனார். தாட்சாயணிக்கு முதுகுகள்தான் தெரிந்தன. திரும்பி வந்த போலீஸ்காரன் எதுவும் கேட்காமல் மூங்கிலைத் தூக்கினான்.

அங்கிருந்து அக்காவின் ஊர்வரை தாட்சாயணி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ‘நைனாவுக்கு உடம்பு சரியில்ல. மாரு வலி. உன்ன பாக்கணும்னு சொல்றார்.’ சொன்னார் என்று வந்துவிடக் கூடாது. சொல்றார். கேக்கறார். படுத்துக்கினு கீறார்.

*

மல்லிகா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வயிறு முறத்தை எட்டத் தள்ளியிருந்தது. காரைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஓட்டுகிறவரைப் பார்த்துச் சுருங்கியது.

“நைனா எங்கடி?”

தாட்சாயணி சொன்னாள். சொல்லிப் பார்த்தபடியே, வரிசை மாறாமல் சொன்னாள்.

மாமியார் சுந்தரம்மா எருமையைக் கட்டிவிட்டு, சாணிக் கையோடு கொல்லையிலிருந்து வந்தாள். பெரிய உடம்பு, பெரிய கொண்டை. “இன்னாமே இது, உங்க நைனா வண்டிக்கு எங்க எரும தலைய வெச்சிட்டாரா?” என்று பானட்டைப் பார்த்துச் சிரித்தவள், விஷயம் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

“ராத்திரியா வலி வந்துச்சி?”

“விடிகாலம் அத்த.”

“வைத்தியர் பாத்தாரா?”

“பாத்துக்கினு கீறார்.”

சுந்தரம்மா அவளையே ஒரு கணம் பார்த்தாள். “ஏழு மாசத்துல சீக்காளி வீட்டுக்கு அனுப்பறதே தப்பு. எம் புள்ளையும் அரக்கோணத்துல டூட்டிக்குப் போய்க்கீறான். கேக்க ஆளில்ல.” கையைக் கழுவினாள். “நானும் வரேன். அவள தனியா அனுப்ப மாட்டேன்.”

இது தாட்சாயணி நினைத்து வைத்திராதது. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

மல்லிகா உள்ளே போய்ப் புடவை மாற்றி, ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். “பனங்கல்கண்டு. நைனாவுக்கு இருமல் வந்தா இதத்தான் கேப்பார்.”

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாட்சாயணி முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள்.

“காலையில இன்னா துன்னார்?”

“கஞ்சி.”

“எவ்ளோ?”

“கொஞ்சம்தான்.”

“பேசறாரா?”

“மெதுவா பேசறார்.”

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. “மாமா, பாத்து ஓட்டுய்யா! உள்ள ஒரு சின்ன ஆளு ஒக்காந்துக்கினு கீது,” என்றாள் சுந்தரம்மா. ரங்கையா தலையாட்டினார். வழக்கமாக அவர் இதற்கு ஏதாவது எதிர்ப்பேச்சு பேசியிருப்பார். சுந்தரம்மாவும் அவரும் கல்யாணத்திலிருந்தே வாய்ச்சண்டைக்காரர்கள்.

சற்று நேரம் கழித்து மல்லிகா கேட்டாள்: “ஏன்டி, வண்டிய வேற யாரும் தொடவே வுட மாட்டாரே. சாவிய இடுப்புல இருந்து அவுக்க வுட்டாரா?”

தாட்சாயணி திரும்பவில்லை.

“வுட்டார்,” என்றாள்.

பின்னால் பொட்டலத்தின் காகிதம் சரசரத்தது.

மூங்கில் தடுப்பில் அதே போலீஸ்காரன் நின்றிருந்தான். தூரத்திலேயே திமிலை அடையாளம் கண்டு தடுப்பைத் தூக்கிவிட்டான். வண்டி அவனைக் கடந்தபோது தொப்பியைக் கழற்றி மார்பருகே பிடித்துக்கொண்டான். மல்லிகா மறுபக்க ஜன்னலில் இருந்தாள். சுந்தரம்மா அவன் நின்ற பக்கத்தில் இருந்தாள்.

*

நகரி தாண்டி மேட்டில் ஏறும்போது பானட் இடுக்குகளிலிருந்து ஆவி வந்தது. ரங்கையா ஒரு மர நிழலில் ஓரம் கட்டினார். “தகரம் காலி. அங்க மோட்டார் ரூம் கனிபிஸ்துந்தி பாரு, தண்ணி புடிச்சிக்கினு வந்துர்றேன்,” என்று தகரத்தை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

தாட்சாயணி இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆவி அடங்கும்வரையாவது திறந்து வைக்க வேண்டும். பானட் எழுந்து நின்றதும் காரின் உள்பக்கம் முழுக்க மறைந்துவிட்டது. அந்தப் பக்கம் அக்காவும், இந்தப் பக்கம் அவளும், நடுவில் அந்தத் தகடும். விடிந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை அதன் இஷ்டத்துக்கு விட்டாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுந்தரம்மா சுற்றிக்கொண்டு வந்தாள்.

“நவுரு. ஒரு கை நானும் புடிக்கறேன்.”

“வேணாம் அத்த, சுடும்.”

“அடுப்புல வெந்த கைதான்.” அவள் பக்கத்தில் நின்று பானட்டின் மூக்கைப் பிடித்தாள். “அம்மாடி! எம்மாம் கனம்!”

இரண்டு பேரும் கையைத் தூக்கியபடி இஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுந்தரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?”

தாட்சாயணியின் கைகள் ஒரு விரற்கடை இறங்கின. சுந்தரம்மா தன் பக்கத்தைத் தூக்கிச் சமன் செய்தாள்.

“வுட்றாத. சொல்லு.”

“நாலு மணிக்கு.”

“போய்டலாமா?”

“தண்ணி வந்தா போய்டலாம்.”

இஞ்சின் உதறியது. சுந்தரம்மாவின் மேற்கை சதை சேர்ந்து ஆடியது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாள் என்று தாட்சாயணி காத்திருந்தாள். சொன்னால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தாள்: வண்டிக்குக் குறுக்கே படுத்துக்கொள்வது. வேறு எதுவும் தோன்றவில்லை.

“எங்கம்மா பூட்டப்ப உங்கக்கா புருசன் என் வயித்துல எட்டு மாசம்,” என்றாள் சுந்தரம்மா. “என்ன அனுப்பல. பதினாறு நாள் கழிச்சித்தான் சொன்னாங்க. அன்னிலேர்ந்து எங்கம்மா மூஞ்சிய நெனச்சிப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது. எங்க சின்னம்மா மூஞ்சிதான் வருது.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“பாக்கட்டும். எவனா கேட்டா நான்தான் கூட்டினு வந்தேன்னு சொல்றேன். ஆனா மே, மோளச் சத்தம் கேட்டு அவ தெரிஞ்சிக்கக் கூடாது. தெருமொனையில எறங்கும்போதே கேட்டுரும். இங்கியே சொல்லிடு.”

“இங்கியா?”

“இங்கதான். நிழலு கீது. ஒக்கார்றதுக்கு வண்டி கீது. நான் கீறேன்.”

“அத்த, நான் இத வுட்டா கீழ வந்துரும். அவளப் புடிக்கறதுக்குக் கை வேணும்.”

“இதுக்கு முட்டு கிட்டு ஒண்ணும் இல்லியா? இத்தினி பெரிய கொடைய செஞ்ச மனுசன் காம்பு செய்யலியா?”

தாட்சாயணி தாங்கு கம்பியைப் பார்த்தாள். அது ரேடியேட்டர் ஓரம் படுத்திருந்தது. நைனா உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடங்கள் பளபளவென்றிருந்தன. “செஞ்சிட்டார். ஒரே ஒரு சின்ன பின்னு இல்ல. சின்னதா, ரெண்டு காலு இருக்கும், உள்ள வுட்டு விரிச்சி வுடணும்.”

“எப்படி? இப்பிடியா?”

சுந்தரம்மா ஒரு கையை எடுத்துத் தன் பின்னந்தலைக்குக் கொண்டுபோனாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாள். இரண்டு கால் உள்ள கனத்த இரும்பு ஊசி. கொண்டை அவிழ்ந்து, நரைத்த முடி தோளிலும் முதுகிலும் சரிந்தது.

“நீ மாட்டு. நான் புடிக்கறேன். சீக்கிரம்மே, எனக்கும் வயசாச்சி.”

தாட்சாயணி பானட்டை விட்டாள். முழுக்கனமும் தன்மேல் இறங்க சுந்தரம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். தாட்சாயணி கம்பியை நிமிர்த்தி இரண்டு காதுகளுக்கு நடுவில் கொடுத்தாள். துளைகள் நேராகவில்லை. “துளி மேல, அத்த. இன்னும் துளி.” நேரானது. பின்னை நுழைத்தாள். அதன் நுனித் துளையில் கொண்டை ஊசியின் இரண்டு கால்களையும் சேர்த்து அழுத்தினாள். பாதி போய் நின்றது. ஸ்பேனரால் தட்டினாள். போனது. கால்களை இரண்டு பக்கமும் விரித்து மடக்கிவிட்டாள்.

“மெதுவா வுடுங்க.”

சுந்தரம்மா விட்டாள். தாட்சாயணி தன் உள்ளங்கையை ஒரு சாண் கீழே ஏந்தி வைத்திருந்தாள். பானட் இம்மி இறங்கிக் கம்பிமேல் உட்கார்ந்தது. நின்றது. இஞ்சின் உதறலில் பின் நடுங்கியது, நகரவில்லை. அவள் அதையே பார்த்தாள். இன்னும் நகரவில்லை. கையை எடுத்தாள்.

ரங்கையா தகரத்தோடு வரப்பில் ஏறி வந்தவர், யாரும் பிடிக்காமல் நிற்கும் பானட்டைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். தண்ணீர் தளும்பி அவர் காலில் ஊற்றியது. பிறகு வந்து, கம்பியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நிக்குது,” என்றார். தகரத்தைத் தரையில் வைத்தார்.

பின்கதவு திறந்தது.

“எல்லாரும் அங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க? நேரமாவல?” மல்லிகாவின் குரல். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பனங்கல்கண்டுப் பொட்டலத்தோடு மெதுவாகச் சுற்றி வந்தாள். ரங்கையாவைப் பார்த்தாள். அவர் வயல்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

“அத்த, ஏன் தலைய விரிச்சிப் போட்டுக்கினு நிக்கறீங்க?”

சுந்தரம்மா முடியை அள்ளிச் செருகவில்லை. மருமகளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

தாட்சாயணி கையிலிருந்த மசகைப் புடவையில் துடைத்தாள். அக்காவின் இரண்டு கைகளையும், பொட்டலத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் தலைக்கு மேல் பானட் உதறிக்கொண்டே நின்றது.

“நைனா செத்துப்பூட்டார்க்கா,” என்றாள். “காலையிலியே.”